நீல ரிம் வெள்ளையான கதை

அடையாறு,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த அலைச்சலில்தான் பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்குச் சிவப்பு ரிம் போட்ட சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். பட்டவன் நான்.

போன வருடம் ஆசை ஆசையாக இரண்டு சக்கரத்துக்கும் நீல ரிம் போட்டேன். "அனோடைஸ் சார், கலர் போகவே போகாது" என்றார் கடைக்காரர். மூன்றாம் வாரம் முன்சக்கரத்தில், ரிம்மின் இரு முனையும் சேருகிற இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை. அங்கே துளி மேடு, பிரேக் கட்டை முதலில் அதைத்தான் உரசும். அப்புறம் மழை பிடித்தது. ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கம் வரை போய் வந்தால் போதும், ரிம்மிலிருந்து சாம்பல் நிறத்தில் குழம்பு வழியும். ரிம்மின் அலுமினியமும் அதில் சேர்த்தி. தீபாவளிக்குள் முன்ரிம் முழு வெள்ளிக் கோடு. பின்ரிம் அங்கங்கே நீலம், அங்கங்கே வெள்ளை, சொறி பிடித்த மாதிரி. பிரேக் பிடித்தால் டக் டக்கென்று அடிக்கும். நீலத்தில் ஒரு பிடி, வெறும் உலோகத்தில் வேறு பிடி.

அனோடைஸ் என்பது பெயின்ட் இல்லையடா. அலுமினியத்தின் மேல்தோலையே மின்சாரம் செலுத்தி ஆக்சைடாக்கி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றுகிறார்கள். தோல் கெட்டிதான், ஆனால் 10, 20 மைக்ரான் இருந்தால் அதிகம். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. அதைத் தின்பது ரப்பரைவிட, ரப்பரில் புதைந்த மணல். கட்டையைக் கழற்றி வெயிலில் பிடித்தேன், உள்ளே மினுமினுவென்று அலுமினியச் சில்லுகள். ஊக்கால் நெம்பினேன், ஏழு வந்தது. பவுடர் கோட்டிங் ரிம் என்றால் இன்னும் அசிங்கம், பொருக்குப் பொருக்காக உரியும்.

அப்பாவின் கறுப்பு சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? அதன் ரிம்மில் பக்கவாட்டுப் பச்சைக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. காரணம் இப்போதுதான் புரிந்தது. கம்பி பிரேக்கில், அதாவது கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற பழைய பிரேக்கில், கட்டை பக்கவாட்டைத் தொடுவதே இல்லை. ஸ்போக்ஸ் கம்பி புறப்படுகிற உள்முகத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் மழையில் அந்தக் குரோம் ரிம் என்றைக்காவது நின்றிருக்கிறதா? செருப்பைத் தரையில் தேய்த்துத்தானே நாம் நிறுத்தினோம்! அலுமினியம் தேய்கிறது, ஆனால் ஈரத்திலும் நிற்கிறது.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க் பிரேக் என்றால் அது ரிம்மைத் தொடாது, ரிம் எந்தக் கலரிலும் இருக்கட்டும், யோசிக்காமல் வாங்கு. கட்டை பிரேக் என்றால், கட்டை படுகிற பட்டையில் கடைசல் பிடித்து வெள்ளையாக விட்டு, மற்ற இடத்தில் மட்டும் சிவப்பு இருக்கிற ரிம்மாகப் பார். பக்கவாட்டு முழுக்கச் சிவப்பு வேண்டும் என்று அவள் அடம் பிடித்தால், ஒரு மழைக்காலம்தான் என்று முன்னாலேயே சொல்லிவிடு.

கலர் போவதைப் பற்றிக் கவலைப்படாதே, கட்டை உரசுகிற ரிம்மின் பக்கச் சுவர் தேய்ந்து போவதைப் பார். சில ரிம்மில் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழியோ கோடோ இருக்கும், அது மறைந்தால் ரிம் முடிந்தது. அந்தக் குறியே இல்லாத ரிம் என்றால் ஸ்டீல் ஸ்கேலைப் பக்கச் சுவரில் நிறுத்தி வைத்துப் பார். நடுவே வெளிச்சம் தெரிந்தால் சுவர் உட்குழிந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் ஒரு நாள் காற்றின் அழுத்தத்திலேயே சுவர் பிளந்து டியூப் வெடிக்கும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் ரிம்மைத் துடைக்கச் சொல், கட்டையிலிருக்கும் மணலை நோண்டி எடுக்கச் சொல்.

நான் நீல ரிம்மை மாற்றவில்லை. பின்பக்கச் சொறியும் முழுசாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். பிரேக் டக் டக்கென்று அடிப்பது குறைந்திருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது உங்கள் ஊர்ப் பழைய சைக்கிள் கடையில் கம்பி பிரேக்குக்குக் கட்டை இரண்டு ஜோடி வாங்கி வா. இங்கே நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், கிடைக்கவில்லை. அப்பா வண்டியை ஓட்ட வேண்டும்.

அன்புடன்,
ரவி