குறியிட்ட பின் வெட்டுங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சீமைக்கருவை ஒழிய வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து இல்லை. அதை அகற்றச் சொல்லும் நீதிமன்ற உத்தரவும் 2022இல் அரசு வகுத்த கொள்கையும் தாங்கள் அறிந்தவையே. ஆனால் சென்ற வாரம் எங்கள் கண்மாயில் நடந்தது வேறு. சீமைக்கருவையை வெட்ட ஏலம் எடுத்தவரின் ஆட்கள் பொக்லைனோடு இறங்கி, நீர் தேங்கும் உள்வாயில் நின்ற நாட்டுக் கருவேல மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். கரையோரச் சீமைக்கருவையையோ முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தூரோடு பறிக்காவிட்டால் அது மறுபடி தழைத்து அடர்ந்துவிடும்.

தடுத்துக் கேட்டதற்கு, "எல்லாம் முள்ளு மரந்தானே" என்றார் மேற்பார்வையாளர். இல்லை ஐயா. கருவேலம்பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவைப் பூ விரல் நீளக் கதிர். கருவேல நெற்று விதைக்கு விதை இறுகி, மணி கோத்ததுபோல் சாம்பல் பூத்துத் தொங்கும். சீமைக்கருவை நெற்று மஞ்சளாய் நீண்டிருக்கும், இனிக்கும். பூவை மட்டும் பார்த்தாலும் தவறிவிடும், ஏனென்றால் நம் வன்னியும் கதிராகத்தான் பூக்கும். வன்னியின் முள் சீமைக்கருவை முள்போல் கணுவில் இணையாக இராது, கணுக்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும். ஆடு மேய்க்கும் சிறுவன்கூடச் சொல்லிவிடுவான். அவனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கோடையில் புல் கருகிய பின் எங்கள் ஆடுகளுக்குக் கருவேல நெற்றுதான் தீவனம். கணவரை இழந்து, ஆடுகளை நம்பியே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அக்கா ஒருவர் தொரட்டியோடு வந்து, வெட்டுண்ட கிளைகளில் காயாத பிஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கோடைக்கு அவர் தவிட்டைக் கடனுக்குத்தான் வாங்க வேண்டும். இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை.

மடை உடைந்து கிடக்கிறது என்று நாங்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. வண்டல் அள்ள அனுமதி கேட்டால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். வளர்ந்த மரத்தைச் சாய்க்க மட்டும் ஒரு பகல் போதுமாக இருக்கிறது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நீர்ப்பறவைகள் இதே கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன என்பது வனத்துறைக்குத் தெரியாததா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். நாங்கள் கேட்பது இதுதான்: வெட்டும் முன், மரம் அறிந்த வனத்துறை ஊழியரும் ஊர்க்காரர் ஒருவரும் சேர்ந்து சீமைக்கருவைக்கு மட்டும் சுண்ணாம்புக் குறி இட வேண்டும். குறியில்லாத மரத்தைத் தொடக்கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும். பக்கத்து ஊர்க் கண்மாயும் ஏலத்துக்கு வருகிறது. அதற்குள் இந்த உத்தரவைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்