நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம்

மன்னார்குடி
08-11-2020, ஞாயிறு

அன்புள்ள மல்லிகா,

உன் மாமியார் தவறி நாலு மாசம் ஆகிறது. போனில் ரெண்டு பேரும் அழுததோடு சரி. ஜூலையில் கொரோனா ஊரடங்கு, இ-பாஸ் என்ற பயண அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாத நேரம். துக்கத்துக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார முடியாமல் போனது இன்னும் மனசை அறுக்கிறது. நான் சென்னை வரும்போதெல்லாம், "உனக்குப் பிடிக்குமே" என்று வத்தக்குழம்பு வைத்துத் தருவார். பொங்கலுக்குள் எப்படியாவது வந்து உன்னைப் பார்த்துவிடுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு மட்டும் பனி விழ ஆரம்பித்ததும் வீசிங் வந்துவிட்டது. ராத்திரி அவர் இருமினால் நானும் இவரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம். முன்பெல்லாம் இருமல் இருமலாகத்தான் இருந்தது. இப்போது உடனே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம், "கஷாயம் வாசனை தெரியுதா அத்தை?" என்று கேட்கிறோம். தெரிகிறது என்றதும்தான் தூக்கம் வருகிறது.

குறுவை நன்றாக விளைந்தது. மேட்டூர் அணையை இந்த வருஷம் ஜூன் 12-லேயே திறந்தார்களே, அதன் புண்ணியம். ஆனால் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு இவர் தார்ப்பாயும் கையுமாகக் கிடந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் நெல் எங்கே காயும்? காய வைப்பதும், மழை வந்தால் மூடுவதும், மறுபடி பிரிப்பதுமாக ஒரு வழியாகப் போட்டாயிற்று. சன்ன ரகம் குவிண்டால் 1,958 ரூபாய். கடனுக்குக் கட்டியது போக மிச்சத்தில் தீபாவளித் துணி பிள்ளைகளுக்கு மட்டும். வெங்காயம் போன மாசம் கிலோ 100 ரூபாயைத் தொட்டதிலிருந்து சாம்பாரே மாறிவிட்டது. உங்கள் பக்கம் அரசாங்கத்தின் பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடையில் 45 ரூபாய்க்குக் கொடுத்தார்களாமே, கிடைத்ததா?

அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். 16-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் திறக்கலாமா என்று நாளைக்குப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். சின்னவள் பிளஸ் டூ. அவள் வகுப்புக்கு நான் போய்க் கருத்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக இதே யோசனைதான்.

வீட்டில் இருப்பது ஒரே நல்ல போன். இவர் வயலுக்கு எடுத்துப் போய்விட்டால் பாடம் கிடையாது. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறாள். கல்வித் தொலைக்காட்சியை விடாமல் பார்க்கிறாள், ஆனால் புரியாததை டிவியிடம் கேட்க முடியாதே. பாடத்தைக் குறைப்போம் என்கிறார்கள், எதைக் குறைத்தார்கள் என்று இன்னும் சொன்னபாடில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் ஒதுக்கீட்டுக்கு போன வாரம் ஆளுநர் கையெழுத்துப் போட்டார் இல்லையா? அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள். "அடுத்த வருஷம் நானும்மா" என்றாள்.

ஆனால் அவளுக்காக மட்டும் இல்லை, மல்லிகா. என் சத்துணவு மையத்துப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. அடுப்பு மார்ச்சில் அணைந்தது. ஒரு பிள்ளைக்கு 100 கிராம், ஆறாவதிலிருந்து 150 கிராம் அரிசி என்று உலையில் அளந்து போட்டுப் பழகிய கையால் இப்போது வீட்டுக்கு அரிசியும் பருப்பும் பையில் அளந்து கொடுக்கிறேன், முட்டையும் கொடுக்கிறோம். கொடுக்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த அரிசி வீட்டுப் பானையில் விழுந்தால் எல்லாருக்கும் பங்கு. பள்ளிக்கூடத்துத் தட்டில் விழும் சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டும்.

மூணாவது படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். முட்டையின் வெள்ளையைச் சோற்றோடு பிசைந்து தின்றுவிட்டு, மஞ்சள் கருவை உருண்டை உடையாமல் எடுத்து, நோட்டுத் தாளைக் கிழித்து மடித்து டவுசர் பையில் வைப்பான். பள்ளிக்கூடம் சேராத தங்கச்சிக்கு. தெரிந்ததிலிருந்து அவன் தட்டில் சோறு கொஞ்சம் கூடவே போடுவேன். போன தடவை அரிசி வாங்க அவனே வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. "எப்ப டீச்சர் சமைப்பீங்க?" என்று கேட்டான். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு டீச்சர்தான்.

எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் வயசுப் பெண், செலவில்லாமல் பத்துப் பேரோடு முடித்துவிடலாம் என்கிறாள் அம்மா. எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பதினெட்டு ஆகாமல் செய்தால் குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே போன் போடுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கோபம்தான், பேசுவதில்லை. பரவாயில்லை, கல்யாணப் பேச்சு நின்றிருக்கிறது. தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போய் வருகிறேன்.

என் மையத்துப் பிள்ளைகள் எட்டாவதுக்குள். அவர்களைப் பற்றி நாளைக்குப் பேச்சே இல்லை. பெரியதுகளுக்குத் திறந்து, ஒன்றும் ஆகாமல் இருந்தால்தான் சின்னதுகளுக்கு வழி. இன்னொரு பக்கம் அத்தை. பள்ளிக்கூடத்திலிருந்து சின்னவள் எதையாவது கொண்டுவந்துவிட்டால் அவர் தாங்க மாட்டார். தமிழ்நாட்டில் ஜூலைக் கடைசியில் ஒரு நாளைக்கு 7,000-ஐ நெருங்கிய கொரோனாத் தொற்று இப்போது 2,500-க்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றாலும், தீபாவளிக் கடைத்தெருக் கூட்டத்தைப் பார்த்தால் பகீரென்கிறது. பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில் கிடக்கிறது.

அத்தையிடமே கேட்டேன். "என்னைக் கொல்லைப் பக்கத்து அறையில போட்டுடு, பொண்ணு படிக்கட்டும்" என்றார். இவரும் சரி என்றார். அறையை நேற்றே வெள்ளையடித்துவிட்டோம். கட்டிலை மட்டும் மாற்ற வேண்டும். திறக்கட்டும் என்றுதான் நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேண்டாம் என்பவர்களும் நிறைய இருப்பார்கள், அவர்கள் பயமும் பொய்யில்லை.

உன் பெரியவள் மார்ச்சில்தானே பிளஸ் டூ எழுதினாள்? அதே புதுப் பாடத்திட்டம்தான். அவளுடைய தாவரவியல், விலங்கியல் நோட்டுகள் எடைக்குப் போகாமல் இருந்தால் அனுப்பி வை. பஸ் ஓடுகிறது, பார்சலில் போட்டால் மன்னார்குடியில் வாங்கிக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்ததா என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜி