ஹை பாஸ்பரஸ் நிக்கல் பூச்சு என்று அனுப்பிய 48 ஷாஃப்ட்டுகள் குறித்த புகார்

பெறுநர்: தர மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். ஏழு போன், நான்கு மெயில், ஒரு நேரடிப் பயணம், எதற்கும் முறையான பதில் இல்லாததால் இதை எழுதுகிறோம்.

உப்பள பம்புகளுக்கான 48 இஎன்8 எஃகு ஷாஃப்ட்டுகளை எலக்ட்ரோலெஸ் நிக்கலுக்கு, அதாவது மின்சாரம் இல்லாமல் ரசாயனத் தொட்டியில் பூசும் நிக்கலுக்கு, உங்களிடம் கொடுத்தோம். ஆர்டரில் எழுதியிருப்பது: பாஸ்பரஸ் குறைந்தது 10.5 சதவீதம் (ஹை பாஸ்), பக்கத்துக்கு 25 மைக்ரான், கடினத்தன்மைக்காக ஓவனில் வைக்கக் கூடாது. தூத்துக்குடியில் மாட்டிய 19ஆம் நாள் 31 ஷாஃப்ட்டில் சிவப்புத் துரு.

"உப்புத் தண்ணியில இரும்பைப் போட்டா துருப் பிடிக்காம பூவா பூக்கும்?" என்று கேட்டார் உங்கள் சர்வீஸ் பிரிவில் பேசியவர். உப்புத் தண்ணீர் தாங்க வேண்டும் என்றுதானே ஹை பாஸ் கேட்டோம்? துத்தநாகம் தானே கரைந்து இரும்பைக் காப்பாற்றும், நிக்கல் அப்படிச் செய்யாது. ஊசிமுனைத் துளை ஒன்று இருந்தாலும் சுற்றியுள்ள நிக்கல் முழுவதும் பேட்டரியின் கேதோடு முனை மாதிரி ஆகி, துளைக்குள் இருக்கும் இரும்பைக் கரைத்துக் குடைந்துவிடும். துளையில்லாமல் பூசுவதுதான் உங்கள் வேலையே.

துருப்பிடித்த இடத்துப் பக்கத்தில் பெயர்ந்த ஒரு செதிலைக் காந்தத்துக்கு அருகில் கொண்டுபோனோம். துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் இரும்புத் துணுக்கு எதுவும் இல்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தாயிற்று. பூசியபடியே, சூடாக்காமல் இருக்கும் ஹை பாஸ் நிக்கல் காந்தத்தில் ஒட்டாது. மாட்டாத ஷாஃப்ட் ஒன்றின் நுனியை அடர் நைட்ரிக் அமிலத்தில் 30 விநாடி வைத்தோம், கறுத்துவிட்டது. ஹை பாஸ் என்றால் கறுக்காது. ஆக, பாஸ்பரஸ் குறைவான மீடியம் பாஸ் தொட்டியில் போட்டிருக்கிறீர்கள், அல்லது 400 டிகிரி ஓவனில் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் நிக்கல் பாஸ்பைடு படிகமாகிப் பூச்சு கடினமாகும், காந்தத்தில் ஒட்டும், நுண்விரிசலும் விழும். தேய்மானத்துக்கு அந்தக் கடினம் நல்லது, உப்புநீரில் அந்த விரிசல் எமன்.

ஆனால் உங்கள் டெஸ்ட் சர்டிபிகேட்டில் பாஸ்பரஸ் 11.2 சதவீதம்! அதன் தேதி 12. சரக்கு உங்கள் கேட்டுக்குள் நுழைந்ததே 14ஆம் தேதி, சலானில் உங்கள் முத்திரை இருக்கிறது. வராத ஷாஃப்ட்டுக்கு எப்படி ஐயா டெஸ்ட் எடுத்தீர்கள்?

தடிமனும் குறைவு. விட்டம் 50 மைக்ரான் கூடியிருக்க வேண்டும், மைக்ரோமீட்டரில் கூடியது 34தான். பொட்டாசியம் ஃபெரிசயனைடும் உப்பும் கலந்த கரைசலில் நனைத்த தாளைச் சுற்றி வைத்தால், உள்ளங்கை அகலத்தில் 11 நீலப் புள்ளிகள், ஒவ்வொன்றும் இரும்பு வரை போகும் துளை. சாவிக்காடியின் (கீ பொருத்தும் பள்ளத்தின்) விளிம்பில்தான் அதிகம். பர் என்ற வெட்டுப் பிசிறை எடுக்காமலோ, எண்ணெய் சரியாகப் போகாமலோ தொட்டியில் இறக்கினால் இப்படித்தான் வரும். பழைய தொட்டியாக இருந்தாலும் வரும், பூசப் பூசத் தொட்டியில் உண்டாகும் கழிவான ஆர்த்தோபாஸ்பைட் சேரச் சேரப் பூச்சு இழுவிசையில் நிற்கும், துளை விழும்.

இதையெல்லாம் காட்டத்தான் நான்கு ஷாஃப்ட்டோடு போகவர 640 கிலோமீட்டர் வந்தோம். நேரம் குறித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். லேப் பூட்டியிருந்தது. "செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார் அதே நபர், உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல். இருபது வருடம் சம்பாதித்த பெயர் உப்பளக்காரர்களிடம் அடியோடு போய்விட்டது, அதற்கு எத்தனை லட்சம் போட்டாலும் ஈடாகாது.

உரித்து மறுபடி பூசித் தருகிறோம் என்ற சமாதானம் வேண்டாம். குழி விழுந்ததைக் கிரைண்டிங் செய்தால் பேரிங் இருக்கையின் அளவு போய்விடும். 31 ஷாஃப்ட்டுக்கும் புதிய ஷாஃப்ட்டின் விலை, மீதி 17க்குப் பூச்சுக் கூலி, பம்பைக் கழற்றி மாட்டிய செலவு ஆகியவற்றைத் தயவுசெய்து தர வேண்டுகிறோம். அந்த வாரத்துத் தொட்டிப் பதிவேடும் வேண்டும்: பிஎச், வெப்பம், எத்தனையாவது டர்ன்ஓவர் (தொட்டி நிக்கல் எத்தனை முறை தீர்ந்து நிரப்பப்பட்டது) எல்லாம். கூடவே ஓவன் சார்ட்டும்.

உங்களோடு தொடர்ந்து வேலை செய்யவே விரும்புகிறோம். ஆனால் 10 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அந்தச் சர்டிபிகேட்டின் நகல் எங்கள் பம்பு உற்பத்தியாளர் சங்கத்துக்கும் போகும். மாட்டாத ஷாஃப்ட்டுகளை எண்ணெய் தடவித் தனியே வைத்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்த நபரை மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
கொள்முதல் மற்றும் தரப் பிரிவு,
கோயம்புத்தூர்