எந்தக் கிழங்கு என்று எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கள் சமையல் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறவள் நான், அந்த உரிமையில்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன். கட்லட் என்றாலும் பிரட்டல் என்றாலும் சலட் என்றாலும் 'உருளைக்கிழங்கு அரைக் கிலோ, அவித்துத் தோல் உரிக்கவும்' என்றே போடுகிறீர்கள். எந்தக் கிழங்கு? இங்கே ரொறன்ரோவில் கடைக்குப் போனால் மண்ணிறத் தோல் ரசெற், மஞ்சள், சிவப்பு என்று குறைந்தது மூன்று வகை பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது. ஊரில் சந்தைக்கு வந்ததை வாங்கிச் சமைத்த எங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்?

வந்த புதிதில் மலிவாகக் கிடைத்ததென்று சிவப்புக் கிழங்கு பத்து இறாத்தல் பையொன்றைத் தூக்கி வந்து, பிள்ளையின் பிறந்தநாளுக்கு, மசித்த கிழங்கை உள்ளே வைக்கிற றோல்ஸ் சுற்ற உட்கார்ந்தேன். மசிக்க மசிக்கக் கட்டி போகவில்லை, சரி பிளெண்டரில் ஒரு சுற்று விடுவோம் என்று விட்டேன், அவ்வளவுதான், சுவரொட்டி ஒட்டுகிற பசை வந்தது! பிறகு ஒருமுறை ஒன்றுகூடலுக்கு ரசெற் கிழங்கில் சலட் செய்தேன், அது களியாகிப் போனது. இரண்டு தரமும் கிழங்கின் மேல் பிழையில்லை, ஆளை மாற்றி வேலைக்கு விட்டது நான்.

சிவப்புக் கிழங்கில் மாச்சத்து குறைவு, ஈரம் கூட. அவிந்தாலும் உதிராமல் வெட்டிய வடிவத்திலேயே நிற்கும். அதனால் மசிக்கிற வேலைக்கு ரசெற், துண்டு துண்டாக நிற்க வேண்டிய வேலைக்குச் சிவப்பு. பிரட்டலுக்கு நான் தோலோடு வெட்டி, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டே அடுப்பை மூட்டுவேன். கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்தும் நடு வேகாமலும் இருக்கும். முக்கால் பதத்தில் வடித்து, வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, நம்முடைய கறித்தூளும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு வற்றப் பிரட்டினால் ஒரு துண்டுகூட உடையாது. புளி விடுகிற குழம்பென்றால் மட்டும் கிழங்கு அவிந்த பிறகே புளியை விடுங்கள், முதலே விட்டால் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும்.

அதே குணம் சலட்டுக்கு உதவும். ஒரு கிலோ கிழங்கை அவித்து வடித்து, ஆவி பறக்கும்போதே இரண்டு மேசைக்கரண்டி வினிகர் தெளித்துவிட வேண்டும், சூட்டில்தான் அது உள்ளே இறங்கும். நன்றாக ஆறிய பிறகு தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மேலே தாளித்த கடுகு. மயோனைஸ்தான் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அதுவும் ஆறிய பிறகுதான், சூட்டில் போட்டால் எண்ணெய் பிரிந்து வழியும்.

வேலை முடிந்து களைத்து வருகிற நாளுக்கு ஒன்று. கிழங்கை இரண்டாகப் பிளந்து, எலும்போடு கூடிய கோழித் தொடைகளோடு சேர்த்துக் கறித்தூள், உப்பு, எண்ணெய் பிரட்டி, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி அடுக்கி, 425 பாகை பாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் ஓவனில் விட்டால் போதும். கோழியின் கொழுப்பு இறங்கிக் கிழங்கின் அடி முறுகிவிடும். கடைசியில் தேசிக்காய் பிழியுங்கள். எங்கள் வீட்டில் முதலில் முடிகிறது கிழங்குதான், கோழி அடுத்த நாளும் கிடக்கும்.

தோலை ஏன் உரிக்கச் சொல்கிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. மெல்லிய தோல், கழுவினால் போதும். என் மாமியார் தோலின் சிவப்பைச் சாயம் என்று நினைத்து உரசி உரசிக் கழுவுவார். சாயமுமில்லை, செம்மண்ணும் இல்லை, கத்தரிக்காய்த் தோலுக்கு நிறம் தருகிற அந்தோசயனின் வகைதான் இதிலும். பையில் நோர்லண்ட் என்று இருந்தால் அது 1957இல் வட டகோட்டாவில் வெளியிட்ட இனம், பிறப்பிலேயே சிவப்பு.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும், கசக்கும், நஞ்சும் சேரும், ஆனால் சிவப்புத் தோலில் அந்தப் பச்சை சட்டென்று தெரியாது. நகத்தால் ஒரு இடத்தில் சுரண்டிப் பாருங்கள். கொஞ்சம் என்றால் ஆழமாக வெட்டி எறியலாம், அதிகம் என்றால் கிழங்கையே எறிந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டாம், மாச்சத்து சீனியாக மாறி, பொரிக்கும்போது கருகும்.

அடுத்த முறை செய்முறை போடும்போது 'உருளைக்கிழங்கு' என்பதற்கு முன்னால் ஒரு சொல், சிவப்போ மஞ்சளோ ரசெற்றோ, சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி ஒருவர்