முதுகுவலியும் பழைய தைராய்டு அறிக்கையும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தை அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது. கடைசியில் உன் நாத்தனாரைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தாயே, அதுதான் மனத்தை விட்டுப் போகவில்லை.

தைராய்டில் பாதியை எடுத்தபோது அறிக்கையில் ‘ஃபோலிக்குலர்’ புற்று என்று வந்ததாகச் சொல்கிறாய். அப்படியிருக்க, மூன்று மாத முதுகுவலியை வயசு, வாயு என்று தள்ளக்கூடாது. தைராய்டுப் புற்றில் இன்னொரு வகையான பாப்பிலரி பெரும்பாலும் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போகும். ஃபோலிக்குலர் இரத்தக் குழாய் வழியே நுரையீரலுக்கும் எலும்புக்கும் போவது. எலும்பில் முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடையெலும்பு. முதலில் பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள். இரத்தக் குழாய்க்குள் புற்று புகுந்திருக்கிறதா, எத்தனை குழாய் என்று அதில் இருக்கும். நாலோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து கூடுதல்.

படுத்தாலும் தணியாத, ராத்திரியில் எழுப்பிவிடும் வலி என்றால் சந்தேகம் வலுக்கும். காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ.

எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று சொல்லி அனுப்பியது எனக்குத் திருப்தியில்லை. எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் 30 முதல் 50 விழுக்காடு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். சாதாரண எலும்பு ஸ்கேனும் இந்த நோயில் ஏமாற்றும். அது புது எலும்பு வளரும் இடத்தைத்தான் காட்டும், இந்தப் புற்றோ எலும்பை அரிப்பது. முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ கேளுங்கள். அதில் போடும் மருந்தில் அயோடின் கிடையாது. சிடி ஸ்கேனுக்கு, படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் உண்டு. அது உடம்பில் நிறைந்திருந்தால் பின்னால் புற்றை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடினைப் புற்றுச் செல் எடுக்காது, ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போகும். உயிருக்கு அவசரமென்றால் எடுக்கத்தான் வேண்டும், அப்போது தயங்காதே. மற்றபடி கான்ட்ராஸ்ட் வேண்டுமா என்று கேட்டுவிட்டே படுக்க வையுங்கள்.

இரத்தத்தில் தைரோகுளோபுலின் பார்ப்பார்கள், தைராய்டு செல் சுரக்கும் புரதம் அது. கூடவே அதற்கு எதிரான ஆன்ட்டிபாடியையும் (எதிர்ப்பொருள்) பார்க்கச் சொல். ஆன்ட்டிபாடி இருந்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். இவருக்கு மீதிப் பாதி சுரப்பி இருப்பதால் சின்ன எண்ணை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது; நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வந்தால் அது பேசும்.

எலும்புக்குப் பரவியதுதான் என்று உறுதியானால், மீதிப் பாதியையும் எடுக்கச் சொல்வார்கள். நல்ல தைராய்டு இருக்கிற வரை கொடுக்கிற அயோடினை அதுவே விழுங்கிவிடும், எலும்புக்குப் போய்ச் சேராது. பிறகு அந்தக் கதிரியக்க அயோடின், அதாவது அயோடின்-131, வழக்கமாக 100 முதல் 200 மில்லிகியூரி (கதிரியக்க அளவு). அதற்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 30க்கு மேல் ஏற வேண்டும்: தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸினை மூன்று நாலு வாரம் நிறுத்துவார்கள், அல்லது ஏற்றுவதற்கென்றே இரண்டு ஊசி. முதுகெலும்பில் கட்டி இருந்தால் டிஎஸ்எச் ஏறும்போது அது வீங்கித் தண்டுவடத்தை அழுத்தலாம். முன்னதாகவே வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுப்பார்களா என்று அணு மருத்துவப் பிரிவில் நீயே கேள். புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் அணு மருத்துவம், கதிர்வீச்சு இரண்டும் ஒரே இடத்தில் உண்டு. அங்கே அனுப்பக் கடிதம் கேட்பது நல்லது.

அயோடின்-131 கொடுப்பதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. நம் வீட்டில் இதுதான் கஷ்டம். நெத்திலி, பெலாச்சான் (இறால் விழுது), மீன், இறால், கடல்பாசி ஜெல்லி, முட்டை மஞ்சள் கரு, பால், தே தாரிக் டீயில் ஊற்றும் கட்டிப்பால் எல்லாம் விலக்கு. உப்புப் பொட்டலத்தில் ‘பெரியோடின்’ (அயோடின் சேர்த்தது) என்று போட்டிருந்தால் அதுவும் ஆகாது. சம்பாலில் பெலாச்சான் மணமே வராவிட்டாலும் இருக்கும். அந்த நாட்களில் கடைச் சாப்பாடே வேண்டாம்.

எலும்பில் அயோடின் மட்டும் முழுசாக வேலை செய்வது அபூர்வம். ஒரே இடத்தில் இருந்தால் அறுவை உண்டு. இந்தக் கட்டிகள் அதிகம் இரத்தம் கக்கும், அதனால் அறுவைக்கு முன்பே கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை அடைப்பார்கள். வலிக்குக் கதிர்வீச்சு, சிலருக்கு 8 கிரே (கதிர்வீச்சு அளவு) ஒரே தடவையில். அயோடினை எடுக்காத நோயானால் லென்வாட்டினிப் போன்ற மாத்திரை. அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும், அதனால் வீட்டிலேயே பார்க்க வேண்டிவரும்.

எலும்பைக் காக்க ஸோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம் ஏற்றுவார்கள். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி ஆறவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் அழுகலாம். சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தைராய்டு எடுத்தவருக்குக் கால்சியம் ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். அப்படியே ஏற்றினால் கால்சியம் இன்னும் இறங்கிக் கைவிரல் இழுத்துக்கொள்ளலாம்.

தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றில் போடட்டும். கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் கழித்து. சீட்டில் இரண்டையும் ஒரே வேளைக்கு எழுதியிருந்தால் எனக்குப் போன் போடு.

அன்புடன்,
வசந்தா