முக்கோண பேட்ஜ் பதக்கம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் பெண் ஒருவரின் படத்துக்குக் கீழே 'பதக்கம் பெற்ற வீராங்கனை' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் நெஞ்சில் இருப்பது பதக்கம் அல்ல. வெடிபொருள் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு பிரிட்டிஷ் வெடிபொருள் அமைச்சகம் 1916-இல் வழங்கிய பித்தளை பேட்ஜ் அது. முக்கோண வடிவம், 'ஆன் வார் சர்வீஸ்' (போர்ப் பணியில்) என்ற எழுத்து, 1916 என்ற ஆண்டு, பின்புறம் ஊசியும் வரிசை எண்ணும். இவற்றை வைத்தே அடையாளம் காணலாம்.

1915-இல் வந்த பேட்ஜ் ஆண்களுக்கானது. சீருடை இல்லாமல் தெருவில் போகும் இளைஞனிடம் கோழை என்று வெள்ளை இறகை நீட்டிய காலம் அது. போர் வேலையில்தான் இருக்கிறேன் என்று காட்ட அவனுக்கு ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. பெண்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர்கள் பார்த்த வேலைக்கான அங்கீகாரம்தான் முக்கோணம்.

உங்கள் படம் வெடிமருந்து நிரப்பும் கொட்டகையில் எடுத்ததல்ல என்பதும் பேட்ஜைப் பார்த்தாலே தெரியும். உடை மாற்றும் அறையில் ஒரு தடுப்பு இருக்கும். அதற்கு இந்தப் பக்கமே கொண்டை ஊசி, மோதிரம், ஊக்கு, தீப்பெட்டி எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ஆணி அடிக்காத செருப்பும் உலோகப் பொத்தான் இல்லாத அங்கியும் மாட்டிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போகவேண்டும். கழற்ற முடியாத கல்யாண மோதிரத்தின் மேல் நூல் சுற்றுவார்கள். இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், கொட்டகையே போய்விடும். ஆக, எந்த வேலைக்காக பேட்ஜ் கிடைத்ததோ அந்த இடத்திலேயே அதை அணிய முடியாது. இவ்வளவு கெடுபிடி இருந்தும் 1916 டிசம்பர் 5 அன்று லீட்ஸ் அருகே பார்ன்போ ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 35 பெண்கள் இறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ஆர்டனன்ஸ் (போர்த் தளவாட) தொழிற்சாலைப் பெண்களுக்கென்று, சுடர்விடும் குண்டுச் சின்னம் அச்சிட்ட தலைத்துணியைக் கொண்டுவந்தார்கள். முடி மெஷினில் சிக்காது. சின்னமும் வேலையிடத்திலேயே தெரியும். எனக்கு இந்த ஏற்பாடுதான் மேலாகப் படுகிறது.

ராணுவத்துக்குள்ளேயே இருக்கும் பெண்களின் தொழிற்சின்னம் வேறு. இன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் வெடிபொருள் டெக்னீஷியன்கள், ஆணானாலும் பெண்ணானாலும், ஒரே 'ஃப்ளேமிங் ஏ' (சுடர்விடும் ஏ எழுத்து) சின்னத்தைத்தான் அணிகிறார்கள். தொழிற்சாலைப் பெண்களின் பேட்ஜையும் ராணுவச் சின்னத்தையும் ஒன்றாக்கினால் தொழிலாளிப் பெண்களின் வரலாறு மறைந்துபோகும். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

பழைய முக்கோண பேட்ஜ் யாரிடமாவது இருந்தால், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். எழுத்தும் எண்ணும் மழுங்கிவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்