நெஞ்சு ட்ரெயின் வறண்டால்

அன்புள்ள கதிர்,

இதய அறுவை ஐ.சி.யூ.வுக்கு மாறிவிட்டாய் என்று படித்ததில் மிகவும் மகிழ்ச்சி. பைபாஸ் முடிந்து வந்தவருக்குத் திடீரென்று பிரஷர் சரிந்தால் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். நெஞ்சுக்குள் கசியும் ரத்தத்தை வெளியே வடிக்கும் குழாயை, அதாவது நெஞ்சு ட்ரெயினைப் பார்.

மணிக்கு நூறு மில்லிக்கு மேல் வடித்துக்கொண்டிருந்த குழாய் சட்டென்று வறண்டால், ரத்தக்கசிவு நின்றுவிட்டது என்று மனம் ஆறுதல் தேடும். ஆனால் உறைந்த ரத்தக்கட்டி குழாயை அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கிக்கொண்டிருக்கலாம். பிரஷர் இறங்கும், சி.வி.பி. (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) ஏறும், துடிப்பு வேகமெடுக்கும், சிறுநீர் குறையும். அப்போது எக்கோவுக்காக (இதய அல்ட்ராசவுண்ட்) காத்திராதே, சர்ஜனைக் கூப்பிடு. நெஞ்சின் மேலிருந்து எடுக்கும் எக்கோவில், இதயத்தின் பின்புறம் உறைந்திருக்கும் கட்டி பிடிபடாமலே போவதுண்டு. 'எக்கோ நார்மல்' என்பதை நம்பி, மணிக்கணக்கில் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சி.வி.பி. குறைந்திருந்தால் ரத்த இழப்பு. கைகால் கதகதப்பாக இருந்து டயஸ்டாலிக் (பிரஷரின் கீழ் எண்) மட்டும் வீழ்ந்தால் ரத்த நாளங்கள் தளர்ந்திருக்கும். நாளங்களை இறுக்கும் நார்அட்ரினலின் கொடு, போதாவிட்டால் நிமிடத்துக்கு 0.03 யூனிட் வாசோப்ரெசின். இ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. என்னும் பகுதி புதிதாக உயர்ந்தால், பைபாஸில் தைத்த கிராஃப்ட் நாளம் அடைத்திருப்பதாகச் சந்தேகி. ஒரு பக்கம் மூச்சொலி கேட்கவில்லையா, நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கலாம். சிரிஞ்ச் பம்பில் மருந்து தீர்ந்துபோயிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்.

இதயம் நின்றேவிட்டால், பொது வார்டில் பழகிய வரிசை இங்கே அப்படியே பொருந்தாது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கின்றி வெறுமனே நடுங்குவது) என்றால், ஒரு நிமிடத்துக்குள் முடியுமானால் அடுத்தடுத்து 3 ஷாக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகே நெஞ்சை அழுத்து. துடிப்பே இல்லையென்றால் மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேசிங் வயரை இணைத்து வேகம் நிமிடத்துக்கு 90, அவுட்புட் முழு அளவு. பேசிங் ஓடியும் நாடி இல்லையென்றால் ஒரு கணம் அணைத்துப் பார். அடியில் ஃபிப்ரிலேஷன் மறைந்திருக்கக்கூடும். அட்ரினலின் 1 மி.கி. வழக்கம்போல் ஏற்றிவிடாதே. இதயம் மீளும்போது பிரஷர் எகிறித் தையல் பிய்ந்துவிடும்.

இதற்கெல்லாம் மசியாவிட்டால் 5 நிமிடத்துக்குள் நெஞ்சை மறுபடி திறந்தாக வேண்டும், படுக்கையிலேயே. தியேட்டருக்குத் தள்ளிப்போக நேரம் கிடையாது. கத்தி, வயர் கட்டர், ஸ்டெர்னல் ரிட்ராக்டர் (நெஞ்செலும்பை விரித்துப் பிடிப்பது) மூன்றும் தனிச் சிறு செட்டாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நூறு கருவி உள்ள பெரிய ட்ரேயில் தேடினால் அந்த 5 நிமிடமும் போய்விடும். இரவு ஷிஃப்டில் அதை யார் பிரிப்பது, யார் கையுறை போட்டு நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்களா? விசாரித்து எழுது.

அன்புடன்,
மதி